எஸ்தர் டீச்சரும் இருபத்தெட்டு அங்குலத் திருகும்

அஞ்சலட்டையில் இரண்டே வரி. தூத்துக்குடி பீச் ரோட்டில் துப்பாக்கி பழுது பார்க்கும் லூர்து மேஸ்திரி எழுதியிருந்தார். "டீச்சர் போயிட்டாவ, வியாழக்கெழம. அடக்கம் நாசரேத்துல முடிஞ்சிட்டு." கீழே நிறைய இடம் இருந்தது. அதை அவர் காலியாகவே விட்டிருந்தார்.

சென்னையில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் அலுவலக வாசலில் நின்று அதைப் படித்தேன். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது. போனேன். பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

மூன்று நாள் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது. ஐம்பத்து நான்கு வயது.

டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்தேன். இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். அவரோடு இருபது ஆண்டு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் அன்போடுதான் சொன்னார்: "கணக்குல நூத்துக்கு நூறு. துப்பாக்கிக்குக் குழலு பாத்து எடுத்ததுல மட்டும் சுழி வாங்கிட்டாவ." கூடம் சிரித்தது. கண்ணீரோடு சிரிக்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதை இது. எஸ்தர் டீச்சர் தன் துப்பாக்கிக்குத் தவறான குழலைத் தேர்ந்தெடுத்தார். பன்றியைச் சுட்டபோது குண்டு விலகி, சுடலைமுத்து என்ற தோட்டக் காவலரின் தொடையில் பட்டது. டீச்சரின் உரிமம் ரத்தாயிற்று. அந்த ஆண்டு அவருக்கு வரவேண்டிய தலைமையாசிரியைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று.

இதில் முதல் வாக்கியம் மட்டும் உண்மையல்ல. குழலைத் தேர்ந்தெடுத்தது நான்.

*

ஆறு ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு பிற்பகல் குடையை மடக்கியபடி ஒரு பெண்மணி உள்ளே வந்தார். கைத்தறிச் சேலை. சாக்பீஸ் படிந்த விரல்கள்.

"தம்பி, வெர்னியர் காலிப்பர் இருக்கா? ஒரு மணி நேரத்துக்கு வேணும்."

எதை அளக்க வேண்டும் என்று கேட்டேன். கைக்குட்டையை அவிழ்த்து மேசைமேல் உருட்டிவிட்டார். அரை அங்குலக் கனத்தில் ஓர் ஈய உருண்டை. அது உருண்டுபோய்த் தராசுப் பெட்டியில் முட்டி நின்றது.

"குண்டா?"

"லட்டுன்னு நெனச்சீங்களோ?"

அவருடைய அப்பா நாசரேத்தில் மிஷன் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். மலைத் தோட்டத்துத் துரை ஒருவரிடமிருந்து அவருக்கு வந்த ரைபிள் அது. வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணியில் பொதிந்த உருண்டையைக் கம்பியால் உள்ளே தள்ளிச் சுடுகிற பழைய வகை. அப்பாவுக்குப் பிறகு ஆத்தூர் பக்கத்து வாழைத் தோட்டமும், பயிர்க்காவலுக்கான அந்தத் துப்பாக்கி உரிமமும் மகளுக்கு வந்தன. தம்பி கொழும்பில் இருந்தார். அந்த வருடம் ஆற்றங்கரை உடைமரக் காட்டிலிருந்து ஒற்றைப் பன்றி ஒன்று இறங்கி வாழையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. ஆனால் துப்பாக்கியின் குழல் போய்விட்டது. கரிமருந்தும் கடல் காற்றும் சேர்ந்தால் இரும்பு நிற்காது. வேறு குழல் மாட்ட வேண்டும். லூர்து மேஸ்திரியிடம் இரண்டு குழல்கள் இருந்தன.

"ரெண்டுல எதுன்னு மேஸ்திரிக்கும் எனக்கும் ஒரு வாரமாச் சண்டை. படிச்ச ஆளு ஒருத்தர் வந்து பாத்தா நல்லது" என்றார்.

படிச்ச ஆளு. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

*

மேஸ்திரி கடை ஒற்றை அறை. ஒரு பட்டறைக் கடைசல் இயந்திரம், மாதா படம், சுவரோரம் சங்கிலியில் கோத்த துப்பாக்கிகள். எதிரே பழைய துறைமுகத்துத் தோணிகளின் பாய்மரங்கள் தெரியும்.

ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகாணியின் வரிபோலப் பள்ளங்கள் ஓடும். குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறும். அந்த வரி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் ஆகிறதோ அதுதான் திருகு. அளப்பது எளிது. கம்பி முனையில் துணியை இறுக்கிச் சுற்றி, பிடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, குழலுக்குள் தள்ள வேண்டும். கோடு சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

முதல் குழலில் கோடு வேகமாகச் சுற்றியது. இருபத்தெட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. இரண்டாவதில் குழல் முடியும்வரை பாதிச் சுற்றுகூட வரவில்லை. அறுபத்தாறு அங்குலத்துக்கு ஒன்று. டீச்சருடைய அப்பாவின் பழைய குழலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான்" என்றார் மேஸ்திரி. "உருண்டைக்கு மெதுவான திருகு. நீளக் குண்டுக்கு வேகமான திருகு. டீச்சருக்கு உருண்டை. அப்ப ரெண்டாவது குழலு."

"ஏன்?" என்று கேட்டேன்.

"ஏன்னா? எங்க பெரியப்பா அப்படித்தான் மாட்டுவாரு."

"அது காரணம் இல்லையே."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். "காலேஜு சார்வாள் கேக்காவோ. ஏன்னு நான் குண்டுகிட்டத்தான் கேட்டுச் சொல்லணும்."

நான் காகிதம் வாங்கிக் கணக்குப் போட்டேன். குண்டின் விட்டம், நீளம், அதற்கு வேண்டிய திருகு. படித்த சூத்திரம். உருண்டைக்கு ஆறு அடிக்கு ஒரு சுற்றே போதும் என்று விடை வந்தது. அதாவது மேஸ்திரி சொன்னதுதான் சரி. ஆனால் நான் அங்கே நிற்கவில்லை. போதும் என்பது குறைந்தபட்ச அளவு, கூடினால் இன்னும் நல்லதுதானே என்றேன். பம்பரத்தைச் சொன்னேன். வேகமாகச் சுற்றுகிற பம்பரம் ஆடாது.

டீச்சர் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பம்பரத்துக்கு ஆணி இருக்கு, தலை இருக்கு. சாயும். இதுக்குத் தலை ஏது, காலு ஏது தம்பி? இது எந்தப் பக்கம் சாயும்?"

சரியான கேள்வி. இன்னொரு காகிதம் எடுத்து இன்னும் நீளமாக எழுதினேன்.

அவர் ஏன் என் பேச்சைக் கேட்டார் என்று இந்த ஆறு ஆண்டுகளில் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று அவரே சொன்னார். "மேஸ்திரி வெறும் விடை சொல்லுதாரு. தம்பி வழி எழுதிக் காட்டுதாரு. எங்க பள்ளிக்கூடத்துல வழிக்குத்தான் மார்க்கு."

கணக்கு டீச்சர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. அவர் செய்த தவறு அந்த ஒன்றுதான். வழியைப் போட்டது நான்.

மேஸ்திரி பதிவேட்டை எடுத்து எழுதினார். வேகமான திருகுள்ள குழல், உரிமதாரர் விருப்பப்படி மாற்றப்பட்டது. டீச்சர் கையெழுத்திட்டார்.

*

சோதனை உப்பளத்தில். கோடை தொடங்கியிருந்தது. பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. ஐம்பது தப்படி தூரத்தில் மண்ணெண்ணெய் டின் ஒன்றைச் சாந்து பூசி நிறுத்தினோம்.

மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. புதுக் குழலுக்கு முதல் நாள் பாதி மருந்துதான் போடுவார். குழல் தாங்குகிறதா என்று பார்ப்பார். கழற்றி, கழுவி, வெயிலில் தூக்கிப் பிடித்து விரிசல் பார்ப்பார். அடுத்த வாரம்தான் முழு அளவு.

டீச்சர் சுட்டார். ஐந்து குண்டுகள். ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. நான் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். உண்மையிலேயே ஓடினேன்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "அடுத்த சனிக்கெழம வாங்க. முழு மருந்து போட்டுப் பாத்துருவோம்."

டீச்சரும் அதையே கேட்டார். "முழுசாப் போட்டுப் பாக்க வேண்டாமா தம்பி?"

"பாதியிலேயே இப்படின்னா முழுசுல கேக்கணுமா டீச்சர்?"

அந்த வாரத்தில் பன்றி நாற்பது வாழை சாய்த்திருந்தது. தோட்டத்தில் வேலை செய்த பெண்ணை வரப்பில் விரட்டியிருந்தது. அவருக்கு அவசரம் இருந்தது. எனக்கு அவசரம் எதுவும் இல்லை. நான் ஜெயித்திருந்தேன், அவ்வளவுதான்.

*

விடிந்து வெயில் ஏறாத நேரம். ஆற்றங்கரையில் உடைமரப் புதர். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழை. தகரம் தட்டிக்கொண்டு எட்டுப் பேர் பிறைபோல் வருவார்கள். பன்றி வாய்க்கால் வழியாகத்தான் வெளியே வரவேண்டும்.

டீச்சர் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக்கொண்டுபோய் அவரவர் இடத்தில் நிறுத்தினார். தான் சுடப்போகும் வாய்க்காலின் நேர்கோட்டிலிருந்து பத்தடிக்குள் எவரும் இல்லை. சுடலைமுத்துவைத் தொண்ணூறு தப்படிக்கு அப்பால், கோட்டிலிருந்து பத்தடிக்குச் சற்றுத் தள்ளி, கரைமேல் நிறுத்தினார்.

"அங்கனயே நில்லுங்க. காலு மரத்துப் போனாலும் அசையாதீங்க."

"பன்னி என்கிட்ட வந்தா?"

"வந்தா, டீச்சர் வீட்டுக்குப் போயிட்டாவன்னு சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் ரைபிளில் மருந்து போட்டார். முழு அளவு. நான் அவருக்குப் பின்னால் வாழைக்குள் நின்றேன். தகரச் சத்தம் தொடங்கியது. நெருங்கியது. பறவைகள் முதலில் வெளியே வந்தன. பிறகு ஒரு கீரி. பிறகு சிறிது நேரம் ஒன்றும் இல்லை.

பன்றி வந்தபோது அது ஓடவில்லை. வாய்க்காலில் இறங்கி நின்று மூக்கைத் தூக்கிப் பார்த்தது. முப்பது தப்படி. டீச்சரின் தோள் அசையவில்லை. அவர் மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

வெடித்தது. புகை. பன்றி புகைக்குள்ளிருந்தே வெளியே வந்து எங்களைத் தாண்டி வாழைக்குள் போயிற்று. அதன்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம் கரைமேலிருந்து ஒரு குரல். அது வலியில் கத்துவதுபோல இல்லை. ஆச்சரியப்படுவதுபோல இருந்தது.

"டீச்சரம்மா, நான் அசையலியே."

*

பெரியாஸ்பத்திரியில் குண்டை எடுத்தார்கள். எலும்பில் பட்டிருந்தது. கால் நிற்குமா, எடுக்க வேண்டுமா என்று ஒன்பது நாள் தெரியவில்லை. அந்த ஒன்பது நாளும் டீச்சர் பள்ளிக்கூடம் முடிந்ததும் அங்கே போய் நின்றார். நான் இரண்டு நாள் போனேன்.

கால் நின்றது. மடக்க முடியாது.

போலீஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டது. இதில் கேள்வி ஒன்றுதான். டீச்சர் கவனமில்லாமல் ஆள் நின்ற பக்கம் சுட்டாரா, அல்லது துப்பாக்கியில் பழுதா? கவனமின்மை என்றால் சிறைகூட உண்டு. துப்பாக்கியில் பழுது என்றால் மேஸ்திரியின் பிழைப்பு போகும். டீச்சர் எழுதிக் கொடுத்தார்: சுட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதே உப்பளம். சப் இன்ஸ்பெக்டர், தாலுகா அலுவலகத்திலிருந்து ஒருவர், சுட ஒரு கான்ஸ்டபிள். மேஸ்திரி, டீச்சர், நான். இந்தமுறை டின் இல்லை. ஒரு பழைய கதவை நிறுத்தியிருந்தார்கள்.

மேஸ்திரி வழக்கப்படி பாதி மருந்து போட்டார். மூன்று குண்டு. கதவின் நடுவில் மூன்று ஓட்டை, அருகருகே.

சப் இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "குழல் நல்லாத்தான் இருக்கு. அப்ப கைதான் சரியில்ல. என்னம்மா?"

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை அங்கேயே நின்றிருக்கலாம். நின்றிருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

"இன்னும் முடியல சார்" என்றார் டீச்சர். "முழு மருந்து போடச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"நான் அதைப் போட்டுத்தான் சுட்டேன்."

மேஸ்திரி மருந்தை அளந்தார். கொஞ்சம் உப்பில் சிந்தியது. சிந்தியதைக் கணக்கில் விட்டுவிட்டு மறுபடி அளந்தார்.

முதல் குண்டு கதவில் படவே இல்லை. இரண்டாவது நிலை ஓரத்தில் சிராய் பறக்கவிட்டது. மூன்றாவது இடது பக்கம் பாத்தியில் உப்பைக் கிளப்பியது. கான்ஸ்டபிள் துப்பாக்கியை இறக்கி, தன் மேல் தவறில்லை என்பதுபோல எல்லோரையும் பார்த்தார்.

மேஸ்திரி நடந்துபோய்த் தரையில் எதையோ பொறுக்கினார். குண்டைப் பொதிந்த துணிகள். பாதி மருந்தில் சுட்ட துணிகளில் வரிகளின் தடம் கத்தியால் கீறியதுபோல ஒழுங்காக இருந்தது. முழு மருந்துத் துணிகள் நார்நாராகக் கிழிந்திருந்தன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உருண்டை குழலைத் தொடுவதே இல்லை. துணிதான் வரியைப் பிடிக்கிறது. அவ்வளவு வேகத்தில் அவ்வளவு கடுமையான திருகைத் துணியால் பிடிக்க முடியாது. வழுக்கிவிடும். பிறகு குண்டு சுழல்வதில்லை, எங்கு போகும் என்று குண்டுக்கே தெரியாது. மெதுவான திருகாக இருந்திருந்தால் துணி தாங்கியிருக்கும். என் காகிதத்தில் விட்டம் இருந்தது, நீளம் இருந்தது. துணி இல்லை.

சப் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "இந்தக் குழலைத் தேர்ந்தெடுத்தது யாரு?"

மேஸ்திரி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒருமுறைதான்.

அந்த வாரம் எனக்குச் சென்னையிலிருந்து கடிதம் வந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம். சட்டைப் பையில் இருந்தது. அதைக் காரணம் என்று சொல்லமாட்டேன். சட்டைப் பையில் இருந்தது, அவ்வளவுதான்.

லாரிகள் புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு போயின. ஒன்று. இரண்டு. இரண்டாவது லாரி போய்ச் சத்தம் அடங்கும்வரை டீச்சர் பேசவில்லை.

பிறகு, "நான்" என்றார்.

*

திரும்பி நடந்தோம். உப்பளத்து மண்பாதை. அவர் முன்னால், நான் பின்னால்.

"ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?"

"கேட்டாவ. சொன்னேன். உரிமம் என் பேருல இருக்கு. கையெழுத்துப் போட்டது நான். சுட்டது என் கை."

"ஆனா தேர்ந்தெடுத்தது நான்தானே?"

அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. வகுப்பில் விடையைத் திருத்துகிற முகம்.

"அதை என்கிட்ட ஏன் சொல்லுத? கேட்டவன் அங்கன நிக்கான்."

அதுவரை என்னிடம் அவர் அப்படி ஒருமையில் பேசியதில்லை. திரும்பிப் பார்த்தேன். சப் இன்ஸ்பெக்டர் ஜீப் அருகே நின்று சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நூறு தப்படிகூட இருக்காது. நான் போகவில்லை. டீச்சர் கொஞ்சநேரம் காத்திருந்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

அவர் என்னைக் காப்பாற்றினார் என்று நானே நீண்டநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. அது உண்மையல்ல. தன்னிடம் கேட்ட கேள்விக்கு அவர் விடை சொன்னார். என்னுடையதை எனக்கு விட்டுவைத்தார்.

*

சென்னைக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை அனுப்புவேன். அவரும் அனுப்புவார். மழை உண்டா, வேலை எப்படி, சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா. குழலைப் பற்றி ஒரு சொல் இருக்காது. நானும் எழுதியதில்லை.

கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு இளம் ஆசிரியை சொன்னார். புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்து எல்லோரும் அவரைப் புகழ்ந்தால் எஸ்தர் டீச்சர் சொல்வாராம்: "பாதி மருந்துல எல்லாரும் நேராத்தான் போவாவ. பொறுங்க." அந்தச் சொலவடை எங்கிருந்து வந்தது என்று அவர்களில் யாருக்கும் தெரியவில்லை. நாசரேத் பக்கத்துப் பேச்சாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

மேஸ்திரி கூட்டத்துக்கு வந்திருந்தார். பின்வரிசையில். அவர் உரிமம் ஒரு வருடம் நிறுத்திவைக்கப்பட்டுத் திரும்பக் கிடைத்தது. என்னிடம் வந்து, "சார்வாள் சுகமா?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஆத்தூர் பஸ் ஏறினேன்.

*

சுடலைமுத்து வாழைக்குள் உட்கார்ந்து இலை அறுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் நீட்டியபடி. என்னை அடையாளம் தெரிந்தது.

"காலேஜு தம்பிதான?"

நின்றபடியே சொன்னேன். குழலைத் தேர்ந்தது நான், மேஸ்திரி வேண்டாம் என்றார், முழு மருந்து போட்டுப் பார்க்காமல் விட்டதும் நான், டீச்சர் அல்ல. மன்னிக்க வேண்டும் என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியங்கள். தடையில்லாமல் வந்தன.

அவர் இலைக்கட்டை நாரால் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

"எனக்குக் குழலும் தெரியாது, மருந்தும் தெரியாது தம்பி. டீச்சரம்மா ஆறு வருசமா மாசத்துல மொத சனிக்கெழம வருவாவ. அந்தா, அந்த பம்ப்செட் தொட்டியில உக்காருவாவ. ஒரு தடவ மன்னிச்சிருன்னு கேட்டதில்ல. காலை நீட்டும்பாவ. வரப்புல அந்தக் கடைசி மட்டும் நடந்து காட்டும்பாவ. போன மாசத்தை விட மேலா, மோசமான்னு பாப்பாவ. நான் வைவேன். கேட்டுக்கிட்டு இருப்பாவ. ஒருநாளு மம்பட்டியத் தூக்கி எறிஞ்சேன். அன்னைக்கும் நடக்கச் சொல்லிட்டுத்தான் போனாவ."

எனக்கு இது தெரியாது. உங்களில் யாருக்காவது தெரியுமா என்று தெரியவில்லை.

"நீ நேரா வந்த. மன்னிப்பு கேட்டுட்ட. பஸ்ஸு ஏறிருவ." அவர் அடுத்த இலையை எடுத்தார். "வார சனிக்கெழம மொத சனிக்கெழம. யாரு வருவா?"

*

இதை எழுதி முடிக்கிறபோது மூன்று மாதம் ஆகிவிட்டது. மலர்க் குழுவினர் தாமதத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். டீச்சரின் புத்தகங்கள் பள்ளி நூலகத்துக்குப் போயின. கைக்கடிகாரம் அவர் தம்பி மகளுக்கு. நான் எதையும் கேட்கவில்லை.

என்னிடம் இருப்பது அவருடைய முதல் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சென்னையில் ரயில் ஏறினால் மறுநாள் மதியத்துக்குள் ஆத்தூர் போய்விடலாம். மூன்றுமுறை போயிருக்கிறேன். தொட்டியில் உட்காருகிறேன். முதல்முறை சுடலைமுத்து என் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டாவது முறை என்னை வைதார். போனமுறை, நான் கேட்பதற்கு முன்பே எழுந்து, வரப்பின் கடைசிவரை நடந்துபோய், அங்கிருந்து திரும்பி நின்று கத்தினார்:

"பாத்தியா? இப்ப சொல்லு. மேலா, மோசமா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.